பையனுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கலாமா வேண்டாமா? வீட்ல தினம் இதே பேச்சு

ராசிபுரம்_மதி:

வணக்கங்க. இத்தனை நாளா இங்க மத்தவங்க எழுதறதைப் படிச்சுட்டு சும்மா போயிடுவேன், இப்ப எனக்கே ஒரு பதில் வேண்டியிருக்கு. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

பையனுக்கு அஞ்சரை வயசு ஆகுதுங்க. மூணு வயசுல ஆட்டிசம்னு டாக்டர் சொன்னார். பேச்சு ஒத்தை ஒத்தை வார்த்தையாத்தான் வருது, தண்ணி, வேண்டாம், பஸ்ஸு, போலாம், அவ்வளவுதான். ஆனா பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டிட்டுப் போனா போர்டைப் பாத்து ஆத்தூர், திருச்செங்கோடு, துறையூர்னு ஒவ்வொன்னா சத்தமா படிப்பான், யாரும் எழுத்துக்கூட்டி சொல்லித் தரலைங்க, தானாவே வந்துச்சு. குக்கர் விசில், மிக்ஸி, மேளச்சத்தம் இதுல எது கேட்டாலும் காதைப் பொத்திக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிடுவான், அப்புறம் வெளிய வரவைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். தெரபிக்கு சேலம் போயிட்டு வர்றோம்.

இப்ப விஷயம் என்னன்னா தெரபி மேடம் மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டோட வர்ற யூடிஐடி அடையாளக் கார்டுக்கு அப்ளை பண்ணிடுங்க, ஸ்கூலுக்கும் மத்ததுக்கும் ஆகும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் ஒத்துக்கவே மாட்டேங்கறார். அரசாங்கத்துல ஒருதடவை எழுதிட்டா அழிக்க முடியாது, நாளைக்கு பையன் நல்லாயிட்டான்னா அந்தப் பேர் மட்டும் நிக்கும்ங்கறார். அதை விட பெரிய காரணம் அவரோட தங்கச்சிக்கு வரன் பாத்துட்டு இருக்காங்க. மாமியார் தெளிவாவே சொல்லிட்டாங்க, கல்யாணம் முடியற வரைக்கும் சர்டிபிகேட் குடுக்கற ஆபீஸு கேம்ப்புன்னு எங்கயும் போயி வரிசைல நிக்காதீங்க, யாராச்சும் பாத்தாங்கன்னா குடும்பத்துலயே ஏதோ குறைன்னு பேசிடுவாங்கன்னு. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு என்னையும் பையனையும் எங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நானும் ஒன்னும் சொல்லாம போயிட்டேன்.

மாமியார் கெட்டவங்க இல்லைங்க. அவனுக்கு நாலு வாய் சாப்பாடு ஊட்ட அவங்களால மட்டும்தான் முடியும். குணசீலம் போய் ஒரு மண்டலம் தங்கிட்டு வாங்க, பெருமாள் பாத்துக்குவார்னு சொல்லிட்டே இருக்காங்க.

இதுக்கு நடுவுல ஸ்கூல். இப்ப போற மெட்ரிக் ஸ்கூல்ல யூகேஜியோட சரி, ஒன்னாவதுக்கு வேற எடம் பாருங்க, இல்லைன்னா கூடவே உக்கார ஒரு ஷேடோ டீச்சரை நீங்களே சம்பளம் குடுத்து போடுங்கன்னு சொல்றாங்க. சர்டிபிகேட் இருந்தா ஸ்கூல்ல பேச முடியுமா, இல்ல அதைக் காட்டினாலே சீட்டு இல்லைன்னுடுவாங்களா? வாங்கினவங்க யாராச்சும் உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

---

ஓஎம்ஆர்_அப்பா:

மதி, என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, அவளும் ஆட்டிசம்தான். அனுபவத்துல சொல்றேன், சர்டிபிகேட் வாங்கிடுங்க. ரேஷன் கார்டு மாதிரி அது பாட்டுக்கு பீரோல கிடக்கும், எங்க தேவையோ அங்க எடுத்துக் காட்டுவீங்க, வேற யாருக்கும் தானா தெரியாது. நீங்க குடுக்காம ஸ்கூலுக்கோ சொந்தக்காரங்களுக்கோ ஒரு நோட்டீஸும் போகாது. உங்க வீட்டுக்காரர் அரசாங்கத்துல எழுதினா ஏதோ லிஸ்ட் போட்டு போர்டுல ஒட்டுவாங்கன்னு நினைக்கறார் போல, அப்படியெல்லாம் இல்ல.

அப்புறம் "அழிக்க முடியாது"ங்கறதும் சரியில்ல. சின்ன பசங்களுக்கு பெரும்பாலும் தற்காலிகமாத்தான் தருவாங்க, சில வருஷம் கழிச்சு திரும்ப அசெஸ்மென்ட்டுக்கு போகணும். அதுக்குள்ள பையன் எவ்வளவு முன்னேறியிருக்கானோ அதுக்கேத்த மாதிரி சான்றுல போடற குறைபாட்டு சதவீதம் மாறும். நல்லாயிட்டா அந்தக் கார்டை யாரும் தேடி வந்து காட்டச் சொல்லப் போறதில்ல.

காசு விஷயமும் சொல்லிடறேன், ஏன்னா அப்பாமாருக்கு சில சமயம் அந்த வழியா பேசினாத்தான் காது கேக்கும் (நானும் அப்பன்தான், திட்டாதீங்க). மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட்ல நிராமயான்னு ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கு, வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும், ஆட்டிசம், செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), அறிவுசார் குறைபாடு, பலவகை குறைபாடு இந்த நாலுக்கும். பிரீமியம் வருஷத்துக்கு சில நூறு ரூபாதான், முன்னாடியே இருக்கற பிரச்சனைன்னு தள்ள மாட்டாங்க, தெரபி செலவுக்கும் ஒரு பங்கு கிளைம் பண்ணலாம். சாதாரண மெடிக்ளைம்ல ஆட்டிசம்னு சொன்னா என்ன பதில் வரும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அப்புறம் நிராமயாவோட அருமை புரியும். வீட்டுக்காரர் சம்பளக்காரரா இருந்து பழைய முறைல வரி கட்டினா குறைபாடு இருக்கற பிள்ளையைப் பாத்துக்கறதுக்காக வருமானத்துல இருந்து 75,000 ரூபா கழிக்கலாம், குறைபாடு 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000. இதுக்கெல்லாம் அடிப்படை, குறைபாடு 40 சதவீதமாவது இருக்குன்னு தர்ற அந்தச் சான்றுதான்.

மாசாந்திர பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரில இருந்து 2000 ஆச்சு. அது எல்லா வகைக்கும் கிடையாது, அறிவுசார் குறைபாட்டுக்கு உண்டு. உங்க பையனுக்கு எந்த வகைல சான்று வருதுன்னு பாத்துட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

ஸ்கூல் விஷயத்துல ஒன்னே ஒன்னு. ஷேடோ டீச்சர் நீங்க போடணும்னு சொல்றதை பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. வாயால சொல்றவங்க முக்காவாசிப் பேர் எழுதித் தர மாட்டாங்க, ஏன்னா எழுதினா மாட்டிக்குவோம்னு அவங்களுக்கே தெரியும்.

---

இயற்கைவழி:

சகோதரி, ஆட்டிசம் என்பது இந்தக் காலத்து மொபைல், தடுப்பூசி, பாக்கெட் பால் மூணும் சேர்ந்து செய்த வேலை. சர்டிபிகேட் வாங்கி குழந்தையை முடக்க வேண்டாம். கோதுமை, பால், சர்க்கரை நிறுத்தி, கூடவே ஸ்டெம் செல் எடுத்தால் ஆறே மாதத்தில் சாதாரண பள்ளியில் சேர்க்கலாம். எங்களிடம் நிறைய குழந்தைகள் பேசியிருக்கிறார்கள். விவரங்களுக்கு இன்பாக்ஸ் வரவும்.

---

தென்காசி_டீச்சர்:

மேல இருக்கறவருக்கு முதல்ல. தடுப்பூசியால ஆட்டிசம்னு 1998ல ஒரு கட்டுரை வந்துச்சு, லான்செட்ல போட்டாங்க, அது புரட்டுன்னு தெரிஞ்சு 2010ல அவங்களே திரும்ப வாங்கிட்டாங்க. ஸ்டெம் செல்லை ஆட்டிசத்துக்கு சிகிச்சைன்னு குடுக்கக் கூடாதுன்னு தேசிய மருத்துவ ஆணையம் 2022லயே சொல்லியாச்சு. இன்பாக்ஸ்க்கு வரச் சொல்றவங்ககிட்ட மதி போகவே போகாதீங்க, நகையை வித்து லட்சக்கணக்குல கட்டிட்டு எங்கிட்ட வந்து அழுத அம்மாக்களை நான் பாத்திருக்கேன். யார்கிட்ட தெரபி எடுத்தாலும் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கான்னு கேளுங்க, இருக்கறவங்க கோவப்பட மாட்டாங்க, சுவத்துலயே மாட்டி வெச்சிருப்பாங்க. மொபைல் ரொம்ப நேரம் குடுக்க வேண்டாம்ங்கறது எல்லா பிள்ளைக்கும்தான், அதுனால ஆட்டிசம் வந்துச்சுன்னு உங்க தலைல யாராவது பழி போட்டா காதுல வாங்காதீங்க.

இனி ஸ்கூல். நான் வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியரா இருக்கேன், சமக்ர சிக்ஷா திட்டத்துல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 16ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க, அரசு பணம் வாங்குற ஸ்கூல் மட்டும் இல்ல, அரசு அங்கீகாரம் வாங்கின எல்லா ஸ்கூலும் பாகுபாடு இல்லாம சேக்கணும், பிள்ளைக்கு வேண்டிய வசதியும் செஞ்சு குடுக்கணும்னு இருக்கு. உங்க மெட்ரிக் ஸ்கூலும் அதுக்குள்ள வரும். 31ஆவது பிரிவுல 40 சதவீதமோ அதுக்கு மேலயோ சான்று இருக்கற பிள்ளைக்கு 6 வயசுல இருந்து 18 வரைக்கும் பக்கத்து ஸ்கூல்லயோ சிறப்புப் பள்ளிலயோ இலவசக் கல்வி, எது வேணும்னு பிள்ளை வீட்டுக்காரங்க முடிவு பண்ணலாம். சான்று இருந்தா பேச முடியுமான்னு கேட்டீங்கல்ல, சான்று இல்லைன்னாலும் பேசலாம், ஆனா இருந்தா எதிர்ல இருக்கறவங்க உக்காந்து கேப்பாங்க. நடைமுறை அப்படித்தான் இருக்கு.

சீட்டு இல்லைன்னா கல்வி அலுவலர்கிட்ட மனு குடுங்க, கேக்கலைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள், அதுக்கு மேல சென்னைல மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்காங்க. அதுக்காக சண்டை போட்டுத்தான் அந்த ஸ்கூல்லயே சேக்கணுமான்னா, அதை யோசிங்க. பிள்ளையை வேண்டாம்னு நினைக்கற டீச்சர்கிட்ட தினம் ஆறு மணி நேரம் விட்டுட்டு நீங்க வீட்ல நிம்மதியா இருக்க முடியாது.

என்னைக் கேட்டா பக்கத்துல இருக்கற அரசு தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கம்மா. ஒரு வகுப்புல பிள்ளைக கம்மி, எச்எம் நல்லவங்களா இருந்தா போதும், எங்க ஆளுங்க வந்து பாப்பாங்க, எமிஸ்ங்கற பள்ளிக்கல்வித் துறை கம்ப்யூட்டர் பதிவுல பேர் ஏறினா பிசியோ, பேச்சுப் பயிற்சி முகாம், உபகரணம் எல்லாத்துக்கும் வரிசைல வரும். நாளைக்கு பத்தாவது வரும்போது ஒரு மொழிப்பாடம் விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலா ஒரு மணி நேரம் இதெல்லாம் கேக்கலாம், அதுக்கும் சான்றுதான் ஆதாரம், கடைசி நேரத்துல ஓடினா நடக்காது.

போர்டு படிக்கிற பிள்ளைன்னு சொன்னீங்களே, அதை விட்றாதீங்க. பேச்சு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காம எழுதின அட்டையை வெச்சே அவன்கிட்ட பேசுங்க. "குளிக்கணும்", "ஸ்கூல்", "மாமா வீடு"ன்னு பெரிய எழுத்துல எழுதி வரிசையா சுவத்துல ஒட்டுங்க, காலைல இருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடக்கப் போகுதுன்னு அவனுக்குத் தெரியட்டும். பாதி அழுகை அடுத்து என்னன்னு தெரியாததால வர்றது.

---

ஓஎம்ஆர்_அப்பா:

டீச்சர் சொல்றதுல ஸ்கூல் பத்தி மட்டும் எனக்கு கொஞ்சம் மாற்றுக் கருத்து. 2021ல சுப்ரீம் கோர்ட் தொடக்க வகுப்புல பத்து சிறப்புக் குழந்தைக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் இருக்கணும்னு சொல்லிடுச்சு. எத்தனை அரசுப் பள்ளில அப்படி ஒரு ஆள் நிரந்தரமா உக்காந்திருக்காங்க? மாசத்துக்கு ஒரு தடவை வந்து கையெழுத்து போட்டுட்டுப் போறதுக்கு தனியார்லயே கொஞ்சம் செலவு பண்ணி பாத்துக்கலாமே.

---

தென்காசி_டீச்சர்:

சார், கையெழுத்து போட்டுட்டுப் போறேன்னு நீங்க சொல்றது எனக்கு வலிக்குது, ஆனா கணக்கு சரிதான். எனக்கு ஒருத்திக்கே அத்தனை ஸ்கூல், வீட்டுவழிக் கல்விப் பிள்ளைக வேற தனியா, நாங்க தொகுப்பூதியத்துல ஓடிக்கிட்டு இருக்கோம். தனியார்ல மட்டும் எங்க இருக்காங்க சார்? மதிகிட்ட ஷேடோ டீச்சரை நீயே கூட்டிட்டு வான்னு சொன்னது தனியார் ஸ்கூல்தானே. செலவு பண்ண முடிஞ்ச அப்பா நீங்க, ராசிபுரத்துல அந்தச் செலவைத் தாங்குறவங்க எத்தனை பேர்?

---

வைகைக்கரை:

தங்கச்சி, எம்மகளுக்கு 22 ஆச்சு. அறிவு வளர்ச்சி கொஞ்சம் கம்மி, கூட ஃபிட்ஸும் இருக்கு. ஸ்கூல் பத்தி டீச்சர் சொல்லிட்டாக, நான் வீட்டைப் பத்தி சொல்றேன்.

உங்க வீட்டுக்காரரை நீங்க மட்டும் பேசி மாத்த முடியாது, பொண்டாட்டி சொன்னா இவளுக்கு வேற வேலை இல்லைன்னு போயிருவாக. தெரபி சென்டருக்கு வாரத்துல ஒரு நாள் அவரையே பிள்ளையைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க போகாதீக, தலைவலின்னு படுத்துக்கங்க. அங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற மத்த அப்பாமாரோட பேசுனாருன்னா, டீ குடிக்கப் போனாகன்னா, அம்புட்டுதான், வர்றப்ப வேற ஆளா வருவாரு. எங்க வீட்ல அப்படித்தான் நடந்துச்சு. இப்ப எந்த ஆபீஸ்னாலும் ஃபைலைத் தூக்கிட்டு அவருதான் மொதல்ல கெளம்புறாரு.

சான்று சின்ன வயசுலயே எடுத்து வைக்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாக. பிள்ளைக்கு 18 முடிஞ்சதும் சட்டப்படி அவ பெரிய மனுஷி, அதுக்கப்புறம் பெத்தவகளா இருந்தாலும் பேங்குல, சொத்துல அவளுக்காக கையெழுத்து போட நமக்கு உரிமை கெடையாது. நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999ல வந்தது, அதுல கலெக்டர் தலைமைல ஒரு உள்ளூர்க் குழு இருக்கு, அங்க மனுப் போட்டு சட்டப்படி காப்பாளர்னு உத்தரவு வாங்கணும். ஆட்டிசப் பிள்ளைகளும் அதுல வருவாக. எல்லாருக்கும் அது தேவைப்படாது, உங்க பையன் நல்லா படிச்சு தானா முடிவெடுக்கற அளவுக்கு வந்தா வேண்டியதே இல்ல. எங்களுக்கு வேண்டியிருந்துச்சு, பழைய சான்றுக எல்லாம் வரிசையா கைல இருந்ததால சிக்கலில்லாம முடிஞ்சுச்சு.

குணசீலம் பத்தி. தாராளமா போங்க, சாமி மேல எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனா ஒரு மண்டலம் அங்கன தங்குனா 48 நாளு தெரபி நிக்கும், ஸ்கூல் நிக்கும், புது எடம் புது சத்தம்னு பிள்ளை தவிச்சுப் போவான். ஒரு நாள் காலைல கூட்டம் இல்லாத நேரமா போயி தரிசனம் பண்ணிட்டு வாங்க, மாமியார் மனசும் குளிரும். அவுகளைப் பகைச்சுக்காதீக, சோறு ஊட்டுற கை அது.

---

நாலுசக்கரம்:

திருச்சில இருந்து எழுதுறேன். எனக்கு செரிப்ரல் பால்சி, வயசு 38, வீல்சேர், பேங்க் வேலை. இங்க பேசுறவங்க எல்லாரும் அம்மா அப்பா டீச்சர், அதனால பிள்ளை பக்கத்துல இருந்து ஒருத்தன் பேசலாம்னு.

மதி அக்கா, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு உங்க ரெண்டு பேரையும் அம்மா வீட்டுக்கு அனுப்பினாங்கன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிட்டீங்க. எனக்கு அந்த வரியத் தாண்டி போக முடியல. எங்க வீட்ல விருந்தாளி வந்தா என்னை உள் ரூம்ல வெச்சு கதவைச் சாத்துவாங்க. பாசம் இல்லாம இல்ல, எனக்குப் பிடிச்ச பலகாரம்லாம் அந்த ரூமுக்கே வரும். ஆனா எனக்குப் புரிஞ்சுச்சு. உங்க பையனுக்குப் பேச்சு வரலைங்கறதால புரியாதுன்னு நினைக்க வேண்டாம், பஸ் போர்டு படிக்கறவனுக்கு தன்னை எங்க வெச்சிருக்காங்கன்னு படிக்கத் தெரியாதா?

கல்யாணம் தட்டிப் போயிடும்ங்கற பயத்தை நான் கிண்டல் பண்ணல, நம்ம ஊர்ல அது நடக்கறதுதான். ஆனா மறைச்சுக் கட்டிக் குடுத்து அப்புறம் தெரிய வந்தா அந்தப் பொண்ணு அங்க போய் என்ன பேச்சு கேக்கும்? முதல்லயே "எங்கண்ணன் பையனுக்கு ஆட்டிசம், நல்லா பஸ் நம்பர் சொல்லுவான்"னு சாதாரணமா சொல்லி, அதுக்கு ஓடிப் போற சம்பந்தம் ஓடிப் போகட்டும். உங்க வீட்டுக்காரரோட தங்கச்சிகிட்ட யாராவது இதைக் கேட்டீங்களா? அந்தப் பொண்ணு என்ன நினைக்குதுன்னு உங்க பதிவுலயே இல்ல.

சர்டிபிகேட்டுக்கு வர்றேன். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஏழு வகைதான், ஆட்டிசம்ங்கற பேரே கிடையாது. 2011 சென்சஸ்ல தமிழ்நாட்ல மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர்னு எண்ணினாங்க, அந்தப் படிவத்துலயும் ஆட்டிசத்துக்கு கட்டம் இல்ல. அப்ப ஆட்டிசப் பசங்க ஊர்ல இல்லாமயா இருந்தாங்க? உள் ரூம்ல இருந்தாங்க. பெத்தவங்க வெளிய வந்து கத்தினதாலதான் 2016ல வகை 21 ஆச்சு, உங்க பையனுக்கு ஒரு சான்று கிடைக்கற நிலைமையே வந்துச்சு. இன்னிக்கும் எத்தனை பேர் சான்று எடுத்திருக்காங்கன்னு பாத்துத்தான் எந்த ஊருக்கு எத்தனை டீச்சர், எத்தனை சென்டர்னு போடுறாங்க. நீங்க வாங்கலைன்னா ராசிபுரம் கணக்குல உங்க பையன் இல்ல.

மெரினால வீல்சேர் போக மரப்பாதை 2022 நவம்பர்ல திறந்தாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல ஒரு பகுதி பிச்சுக்கிட்டுப் போச்சு, திரும்ப சரி பண்ணினாங்க. ஏன் சரி பண்ணினாங்க? கேக்க ஆள் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நான் கடல் தண்ணியைப் பக்கத்துல போய் பாத்தேன், முப்பத்தஞ்சு வயசுக்கு மேல. அது வரைக்கும் ரோட்டுல வண்டியை நிறுத்தி தூரத்துல இருந்து பாத்துட்டு சுண்டல் வாங்கித் தின்னுட்டு வருவோம் (சுண்டல் நல்லாத்தான் இருக்கும், அது வேற).

---

ராசிபுரம்_மதி:

எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியலீங்க. நேத்து ராத்திரி நாலுசக்கரம் தம்பி எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடுத்து படிக்கச் சொன்னேன். படிச்சுட்டு ஒன்னும் பேசல, வெளிய போய் ரொம்ப நேரம் நின்னுட்டு வந்தார். காலைல "அந்த கேம்ப் என்னைக்கு வெக்கறாங்கன்னு கேளு"ன்னார். முழுசா சம்மதம்னு சொல்ல முடியாது, மாமியார்கிட்ட இன்னும் சொல்லலை.

அவர் தங்கச்சிகிட்ட நான் கேட்டேங்க. அண்ணி, அவனை ஒளிச்சு வெச்சுத்தான் எனக்குக் கல்யாணம் ஆகணும்னா எனக்கு அப்படி ஒன்னு வேண்டாம்னுது. அது இத்தனை நாளா பேசாம இருந்துச்சே ஒழிய யாரும் கேக்கலைங்கறதும் நெசம்தான்.

ரெண்டு சந்தேகம். அசெஸ்மென்ட் அன்னைக்கு என்ன பண்ணுவாங்க? இன்னொன்னு, கல்யாணம் கூடி வந்தா பையனை மண்டபத்துக்கு கூட்டிட்டுப் போயே ஆகணும்னு நான் முடிவு பண்ணிட்டேன், ஆனா கெட்டிமேளம்னு சொன்ன உடனே அவன் என்ன ஆவான்னு நெனச்சாலே வயித்தைக் கலக்குது.

---

ஓஎம்ஆர்_அப்பா:

அசெஸ்மென்ட்ல ஐஎஸ்ஏஏன்னு ஒரு அளவுகோல் வெச்சு பாப்பாங்க, 40 விஷயம், ஒவ்வொன்னுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். கண்ணைப் பாக்கறானா, கூப்பிட்டா திரும்பறானா, சத்தம் தாங்கறானா இப்படி. மொத்தம் 70 தொட்டாத்தான் ஆட்டிசம்னு எடுத்துக்குவாங்க. பையனையும் பாப்பாங்க, உங்களையும் கேப்பாங்க. இங்கதான் அப்பாமாருங்க சொதப்புவாங்க, டாக்டர் கேட்டா "அதெல்லாம் நல்லா பண்ணுவான் சார்"னு பெருமையா சொல்லிடுவாங்க. பையனோட மோசமான நாள் எப்படி இருக்கும்னு மனசுல வெச்சு பதில் சொல்லச் சொல்லுங்க. கட்டிலுக்கு அடில போறதை போன்ல வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, ஆஸ்பத்திரில அவன் சமத்தா உக்காந்துட்டான்னா காட்ட உதவும்.

---

வைகைக்கரை:

கல்யாண மண்டபத்துக்கு நான் சொல்றேன், நாங்க நெறைய விசேஷம் பாத்தாச்சு. மொத நாளே ஆள் இல்லாதப்ப கூட்டிட்டுப் போயி மண்டபத்தைச் சுத்திக் காட்டுங்க. மணமகள் ரூமுக்குப் பக்கத்துல ஒரு ரூமை இவனுக்குன்னு கேட்டு வாங்கிருங்க, ஃபேன், பாய், அவனுக்குப் புடிச்ச ரெண்டு சாமான். காதுக்கு மாட்டற இயர்மஃப் ஆன்லைன்ல கெடைக்குது, கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாடியே வாங்கி வீட்ல போட்டுப் பழக்குங்க, அன்னைக்கு புதுசா மாட்டுனா பிச்சு எறிஞ்சுருவான். மேளக்காரவுகளை மேடைக்கு அந்தப் பக்கம் உக்கார வைக்கச் சொல்லலாம், சொன்னா கேப்பாக. தாலி கட்டுற நேரத்துக்கு கொஞ்சம் முன்னாடி யாராவது ஒருத்தர் பையனை வெளிய பஸ் பாக்க கூட்டிட்டுப் போயிருங்க, ஆனா அது நீங்களா இருக்கக் கூடாது, நீங்க மேடைல நிக்கணும். சாப்பாடு மொத பந்திக்கும் முன்னாடியே கிச்சன்ல கேட்டு வாங்கி ஊட்டிருங்க. பட்டு வேட்டி சட்டைன்னு கட்டாயப்படுத்தாதீக, பழைய காட்டன் சட்டைல வந்தா யாரும் செத்துப் போக மாட்டாக.

---

தென்காசி_டீச்சர்:

சுவத்துல ஒட்டுற அட்டைல "அத்தை கல்யாணம், மேளம் சத்தமா இருக்கும், காதுல மாட்டிக்கலாம், அப்புறம் பஸ்"னு ஒன்னு சேத்துக்கங்க மதி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இருந்தே தினம் ஒரு தடவை அவனையே படிக்கச் சொல்லுங்க.

---

ராசிபுரம்_மதி:

சேத்துக்கறேங்க மேடம். கேம்ப்புக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

---

ஓஎம்ஆர்_அப்பா:

முதல்ல யூடிஐடி கார்டுக்கான ஸ்வாவ்லம்பன் வெப்சைட்ல பதிவு பண்ணி அந்த நம்பரை பிரின்ட் எடுத்துக்கங்க, போன்லயே பண்ணலாம், முடியலைன்னா இ-சேவை மையத்துல கேளுங்க. பையன் ஆதார், உங்க ரெண்டு பேர் ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொஞ்சம், டாக்டர் மூணு வயசுல எழுதின சீட்டு, தெரபி ரிப்போர்ட். ஒரிஜினல் எதையும் அங்க குடுத்துட்டு வந்துடாதீங்க. தண்ணி, பிஸ்கட், அந்த இயர்மஃப் வாங்கிட்டீங்கன்னா அதுவும், கூட்டம் சத்தம் ரெண்டும் இருக்கும். காலைலயே போயிடுங்க, மதியம் ஆயிட்டா டாக்டர் கிளம்பிட்டார் அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லிடுவாங்க.